மூச்சிரைக்க ஓடும் குதிரைகள்

அண்மையில் ஒரு நாள் மக்தபில் 'அல்ஆதியாத்' ஸூராவை ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். "ஹஜ்ரத், ஓடும் குதிரைக்கு ஏன் மூச்சிரைக்கிறது?" என்று ஒரு சிறுவன் வினவினான். "ஓதும்போது கேள்வி கேட்காதே" என அதட்டிவிட்டோம். எமக்கே விடை தெரியாது என்பதுதான் உண்மை. அன்றிரவு அவனது வாடிய முகமே கண்முன் நின்றது.

தேடிப் படித்தோம். பாய்ந்தோடும் குதிரை ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்ற கணக்கில் சுவாசிக்கிறது. அதுவும் மூக்கினால் மட்டுமே. ஒவ்வொரு காலிலும் ஒரே விரல். அவ்விரலின் நகமே குளம்பு. காலின் கீழ்ப்பகுதியில் தசைப்பற்று மிகக் குறைவு. நீண்ட தசைநாண்களே வில்லைப் போல் இழுபட்டு மீண்டு உடலை உந்துகின்றன. சிவிங்கிப்புலியோ முதுகெலும்பை வளைத்து நீட்டி, மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். ஆயினும் சில நூறு மீட்டரில் ஓய்ந்துவிடும். குதிரை தன் எஜமானனுக்காக நெடுந்தூரம் ஓடும்.

அக்குதிரைகளைக் கூறிய அதே ஸூரா, அடுத்து மனிதனின் நன்றிகேட்டைச் சுட்டுகிறது. படைப்பைக் கண்டு வியந்து கேட்ட பிள்ளையின் வாயை அடைத்ததும் நன்றிகேடு அல்லவா?

மறுநாள் அனைவர் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டு, விடை கூறினோம். அவன் அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருந்தான். அல்ஹம்துலில்லாஹ்!