கீழ் வளவில் பூத்திருக்கும் எங்கள் கோப்பி



கொஞ்சம் நீளமான பதிவு. நோன்பு நாட்களில் அஸருக்குப் பிறகு கிடைக்கிற நேரத்தில் துண்டு துண்டாக எழுதினோம். மெதுவாக வாசியுங்கள்.

எங்கள் வளவில் கோப்பி பூத்திருக்கிறது. மாத்தளையில் இருப்பவர்களுக்கு இது ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். வேறு வருஷமாக இருந்தால் செய்தி இல்லைதான். நவம்பருக்குப் பிறகு இந்த வளவில் எதுவுமே பூக்காது என்று எங்கள் வீட்டில் எல்லோருமே நினைத்துக்கொண்டிருந்தோம். அதனால்தான் எழுதுகிறோம்.

ஸஹருக்கு எழும்பிக் குசினிக் கதவைத் திறந்ததும் வாசம் வந்தது. மல்லிகையா, எலுமிச்சம்பூவா என்று சொல்ல முடியாத ஒரு வாசம். உம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். "கோப்பி பூத்திட்டு, புள்ள" என்றார். டோர்ச் அடித்துப் பார்த்தோம். கிளை முழுக்கக் கணுவுக்குக் கணு வெள்ளை வெள்ளையாக. விடிந்தபின் பார்த்தால், எதிரே உள்ள மலைச்சரிவிலும் வளவுக்கு வளவு அதே வெள்ளை.

பிள்ளைகள் வகுப்பில் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பார்கள். பாடப்புத்தகத்தில் வசந்த காலம் என்று வரும். "நமக்கு வசந்தம் எப்ப டீச்சர் வரும்?" என்பார்கள். பனி உருகி மரம் துளிர்க்கிற வசந்தம் நமக்கு இல்லை. மாரி மழை முடிந்து, ஜனவரி, பெப்ரவரியில் வளவு காய்ந்து, கிணறு இறங்கி, இலைகள் வாடித் தொங்கும்போது நம்முடைய வசந்தம் தொடங்குகிறது. கோப்பி மொட்டு அந்த வரட்சியில் சின்னதாகக் கட்டி, அப்படியே தூங்கிக்கொண்டிருக்கும். பிறகு ஒரு நல்ல மழை விழ வேண்டும். விழுந்து ஒரு வாரம், பத்து நாளில் ஊர் முழுக்க ஒரே நாளில் பூக்கும். இரண்டு மூன்று நாளில் பழுப்பாகி உதிர்ந்துவிடும். இந்தியாவில் குடகு மலைக் கோப்பித் தோட்டக்காரர்கள் இந்த மழைக்காகவே மார்ச் மாதம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். அங்கே இதற்குப் பெயரே பூ மழை. மழை பிந்தினால் அந்த வருஷத்து விளைச்சலே போய்விடும்.

நம் வளவுகளில் நிற்பது பெரும்பாலும் ரொபஸ்டா. அதற்குத் தன் மகரந்தம் தனக்கு உதவாது. பக்கத்து மரத்திலிருந்து வர வேண்டும். காற்றும் தேனீயும் கொண்டுவந்து கொடுக்கும். ஆகவே ஒரு வளவில் காய் பிடிப்பதற்கு அடுத்த வளவிலும் பூத்தாக வேண்டும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

கோப்பியோடு நமக்கு இருக்கிற உறவு கொஞ்சம் பழையது. எத்தியோப்பியாவில் பிறந்து யெமனுக்குப் போன செடி. யெமனில் இரவு வணக்கத்துக்கு விழித்திருக்க சூஃபிகள் இதைக் குடித்தார்கள் என்பது பலருக்கும் தெரிந்த வரலாறு. இலங்கைக்கு அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். வெள்ளைக்காரர் இங்கே தோட்டம் போடுவதற்கு முன்பே கண்டி நாட்டு வளவுகளில் கோப்பி நின்றது. அன்றைய சிங்கள மக்கள் அதன் இளம் இலையைக் கறிக்கும், பூவை விகாரைக்கும் எடுத்தார்கள். கொட்டையை வறுத்துக் குடிக்கும் வழக்கம் அவர்களிடம் இருக்கவில்லை என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. பூவுக்காக வளர்த்த மரம்! எங்களுக்கு மிகவும் பிடித்த தகவல் இது.

பிறகு 1820களில் கம்பளைப் பக்கம் பெருந்தோட்டமாகத் தொடங்கி, மாத்தளை மலைகளுக்கும் ஏறியது. அந்தக் கோப்பிக்காகத்தான் தென்னிந்தியாவிலிருந்து மக்கள் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 2023 ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு ஓகஸ்ட் 12இல் மாத்தளை வந்து சேர்ந்த மலையக மக்களின் நடைபயணம் அந்தப் பாதையைத்தான் நினைவுபடுத்தியது. 1869இல் இலையில் செம்மஞ்சள் தூளாக ஒரு பூஞ்சண நோய் தெரிந்தது. கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். அதற்குள் நோய் தோட்டங்களுக்குள் ஆழமாக இறங்கிவிட்டது. அடுத்த பத்து வருஷத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது. தோட்டங்களில் போன கோப்பி எங்கள் மாதிரி வீட்டு வளவுகளில் மட்டும் மிளகோடும் கராம்போடும் பலாவோடும் சேர்ந்து தங்கிவிட்டது.

சரி, எங்கள் வளவுக்கு வருவோம்.

டித்வா புயல் வந்த அந்த வியாழன் இரவை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2025 நவம்பர் 28, வெள்ளி விடியும்போது எங்கள் கீழ்ப்படி முழுவதும், ஏறக்குறைய பதினைந்து பேர்ச், சறுக்கிக் கீழே போயிருந்தது. கீழ் வளவு ஒரு சிங்களக் குடும்பத்தினுடையது. அந்த வீட்டுப் பெரியவரை நாங்கள் எல்லோரும் 'அக்கே' என்றுதான் கூப்பிடுவோம். மண் அவர்கள் வீட்டுக்கு முப்பது அடி முன்னால் நின்றது. இரண்டு வீட்டிலும் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை, அல்ஹம்துலில்லாஹ். நமது மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் அப்படிச் சொல்ல முடியவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வகுப்பிலேயே இன்னும் உறவினர் வீட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று பூவைப் பற்றிப் பேசுவதற்கே ஒரு தயக்கம் இருந்தது. ஆனால் பூவைப் பறித்துக்கொண்டு வகுப்புக்கு வந்ததே அவர்களில் ஒருத்திதான்.

அந்த மண்ணோடு போனவை: ஒன்பது கோப்பி மரம், இரண்டு பாக்கு, ஒரு சாதிக்காய், எல்லையில் வரிசையாக நட்டிருந்த எறபது வேலி. உம்மா மூன்று மாதம் அந்தப் பக்கம் போகவே இல்லை. சாதிக்காய் அவர் கல்யாணமாகி வந்த வருஷம் வைத்தது. சாதிக்காயில் ஆண் மரமும் பெண் மரமும் வேறு வேறு. ஆணா பெண்ணா என்று தெரிவதற்கே ஆறேழு வருஷம் பூவுக்குக் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து பெண்ணாக வாய்த்த மரம். அது போனதைப் பற்றி உம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

மேல்படியில் கராம்பு மூன்று நிற்கிறது. இந்த வருஷம் நல்ல ஆய்ச்சல். ஆனால் மண் இளகியிருக்கிற சரிவில் ஏணி வைத்து ஏற யாரும் முன்வரவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. கராம்பு என்பது விரியாத மொட்டுத்தானே. மொட்டு இளஞ்சிவப்பாகும்போது ஆய்ந்துவிட வேண்டும். விரிந்தால் காசு போச்சு. எங்கள் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து கராம்பு மரத்தடியில் வளர்ந்தவர்கள். கராம்புப் பூவை இந்த வருஷம்தான் பார்த்தார்கள். இளமஞ்சள் நிறத்தில் பஞ்சு மாதிரி நூல் நூலாக விரிந்து, காலையில் மரத்தடி முழுக்கக் கொட்டிக் கிடக்கும். "இவ்வளவு நாளும் இத ஏன் பூக்க விடல்ல?" என்று சின்னவன் கேட்டான். ஸ்கூல் பீஸ், கரண்ட் பில் என்று பதில் சொன்னோம். இதில் ஒரு நன்மையும் உண்டு. பூத்தது பழமாகும், பழத்திலிருந்துதான் கன்று. விதை காய்ந்தால் முளைக்காது, பழம் விழுந்த கையோடு போட்டுவிட வேண்டும். கன்று வேண்டியவர்கள் சொல்லி வையுங்கள்.

இனி விஷயம்.

மண்ணோடு போன ஒன்பது கோப்பியில் ஐந்து, வேரோடும் மண்ணோடும் அப்படியே இறங்கி, அக்கேயின் வளவில் சரிந்தபடி நின்றன. செத்துவிட்டன என்றுதான் நினைத்தோம். எங்கள் மேல்படிக் கோப்பி பூத்த அதே காலையில் அக்கே வேலிப்பக்கம், அதாவது வேலி இருந்த பக்கம், நின்று கூப்பிட்டார். "டீச்சர், உங்களுடைய கோப்பி எங்களுடைய வளவில் பூத்திருக்கிறது, வந்து பாருங்கள்" என்று சிங்களத்தில். போய்ப் பார்த்தோம். ஐந்தும் வெள்ளை. கொசுத்தேனீ மொய்த்தது. அவற்றுக்கு அப்பால், சறுக்கிப்போன எறபது வேலியும் புதிய இடத்தில் வேர் பிடித்து, ஒரு இலை இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கிறது. எறபது பூத்துக் குயில் கூவினால் சித்திரைப் புத்தாண்டு வருகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

அழகாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் உறுதியில் கிழக்கு எல்லை 'எறபது வேலி' என்று எழுதியிருக்கிறது. வேலி இப்போது அக்கேயின் காணிக்குள் நிற்கிறது. எங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவர், உறுதியில் அவருடைய பெயரும் உண்டு, உடனே கட்டை அடித்து மரங்களை அடையாளம் போட வேண்டும் என்கிறார். பிந்தினால் மரமும் இல்லை, மண்ணும் இல்லை என்கிறார். அக்கேயின் மகனோ, மே மாத மழைக்கு முன் பெக்கோ பிடித்து மண்ணை வழித்துவிட்டு மிளகு வைக்க வேண்டும் என்கிறார். பெக்கோ வந்தால் ஐந்து கோப்பியும் போகும். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

நாங்கள் பார்த்தது வேறொன்று. எங்கள் மண் இறங்கியபோது அவர்களுடைய நாற்பது மிளகுக் கொடியை, கிளிரிசிடியாத் தடியோடு சேர்த்து மூடிவிட்டது. காய்க்கிற கொடிகள். அதைப் பற்றி அந்த வீட்டில் ஒருவர்கூட எங்களிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அந்த இரவு கொட்டுகிற மழையில் உம்மாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு விகாரை மண்டபத்துக்குப் போனதும் அக்கேயின் மகன்தான். மண் போய் மிளகை மூடியது அல்லாஹ்வின் நாட்டம், கோப்பி மட்டும் எங்களுடைய சொத்து என்று எப்படிப் பேசுவது? நில அளவையாளர் வருவார், எல்லையைப் பழைய இடத்தில் காட்டுவார், அது நடக்கட்டும். பூவுக்கு வழக்குப் பேச எங்களால் முடியாது.

பெரியவரிடம் மரியாதையாகச் சொன்னோம். அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. நோன்பு திறக்க வரும்போது அந்தப் பேச்சை எடுக்காமல் கஞ்சி குடித்துவிட்டுப் போகிறார். அக்கேயிடம் மரம் ஐந்தும் உங்களுடையது என்றோம். அவர் சிரித்தார். மேலே உங்களுடைய மரம் பூக்காவிட்டால் இதில் காய் எப்படிப் பிடிக்கும் என்று கேட்டார். (ரொபஸ்டா விஷயம் அவருக்கு எங்கள் விஞ்ஞானப் பாடம் இல்லாமலேயே தெரிந்திருக்கிறது.) பழம் பழுக்க டிசம்பர் ஆகும், அதுவரை பெக்கோ வேண்டாம் என்று மகனிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். மகன் பதில் சொல்லாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அவருக்கும் வீட்டில் செலவு இருக்கிறது.

இடையில் ஒரு வேண்டுகோள். பூ பார்க்கவும் படம் எடுக்கவும் சரிவான வளவுகளில் பிள்ளைகளை இறக்கும்போது கவனம். நிலத்தில் புதிய வெடிப்பு, நேராக நின்ற மரம் சாய்தல், புதிதாக நீர் கசிதல், ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருதல், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள். மழை மீண்டும் ஏப்ரலில் தொடங்கும். எங்கள் மேல்படியிலும் வெடிப்பு ஒன்று இருக்கிறது. வாராவாரம் இரண்டு பக்கமும் ஆணி அடித்து நூல் கட்டி அளக்கிறோம். இந்த வாரம்வரை விரியவில்லை. விரிந்தால் பூவையும் விட்டுவிட்டுக் கிளம்புவதுதான், அதில் இரண்டாவது யோசனை இல்லை என்று வீட்டில் முடிவு எடுத்திருக்கிறோம். உம்மாவும் தலையாட்டினார்.

அவர் நேற்று முதன்முறையாகக் கீழே இறங்கினார். சாதிக்காய் நின்ற பள்ளத்தைப் பார்க்கவில்லை. நேரே மேல்படி மிளகுக் கொடிகளுக்குப் போய், அடியில் நிலத்தில் ஓடுகிற தண்டுகளைப் பார்த்துப் பார்த்து வெட்டினார். ஜனவரியில் நாங்கள் பொலித்தீன் பையில் போட்டு நிழலில் வைத்த தண்டுகள் ஏற்கெனவே அறுபது இருக்கின்றன. எதற்கு இன்னும் என்று கேட்டதற்கு, "அறுபதும் முளைக்கும் எண்டு யார் சொன்ன?" என்றார்.

இன்று காலை எண்ணினோம். துளிர் விட்டவை நாற்பத்து மூன்று. அக்கேக்குத் தேவை நாற்பது.

உங்கள் வளவில் என்ன பூத்திருக்கிறது என்று கீழே எழுதுங்கள்.