வசனமே இல்லாத வேஷம்

நாடகம் எழுத வருகிற இளைஞர்கள் பலரும் உச்சக்காட்சிக்கென்று ஒரு ரகசியத்தைப் பொத்தி வைத்துக்கொண்டு வருவார்கள். கடைசி நிமிடத்தில் அதை உடைத்தால் அரங்கம் அதிரும் என்று நம்பிக்கை. அதிரத்தான் செய்யும், ஒரு நிமிடம். மறுநாள் அதே நாடகத்தைப் பார்க்க வருகிறவனுக்கு என்ன மிச்சம் வைத்திருக்கிறாய் என்று கேட்டால் முழிப்பார்கள். பாஞ்சாலிக்கு என்ன ஆகப்போகிறது என்று தெரியாதவர் கூத்துத் திடலில் ஒருத்தரும் கிடையாது. இருந்தும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்.

கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளிஸுக்கும் அப்படிப்பட்ட கூட்டம்தான் வாய்த்தது. ஏதென்ஸில் டயோனிசஸ் அரங்கின் படிகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஈடிபஸ் யார், யாரைக் கொன்றான், யாரை மணந்தான் என்பதெல்லாம் முன்பே தெரியும். ஆகவே அவர் ரகசியத்தை நம்பவில்லை. மேடையில் நிற்கும் மூன்று பேரில் யாருக்கு எப்போது தெரிய வேண்டும் என்பதை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டார். இறுக்கம் என்று நாங்கள் சொல்வதெல்லாம் இந்தப் பங்கீட்டில்தான் இருக்கிறது. அவருடைய ஈடிபஸ் நாடகத்தில் வரும் கொரிந்துத் தூதுவன் காட்சியைத் திரும்பத் திரும்பப் படிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தூதுவன் நல்ல சேதியோடு வருகிறான். அதைக் கவனிக்க வேண்டும். ஈடிபஸ் தன் தகப்பன் என்று நம்பியிருக்கும் கொரிந்து அரசன் பாலிபஸ் இறந்துவிட்டான், இனி நீதான் அரசன் என்கிறான். தகப்பனைக் கொல்வாய் என்ற வாக்கு பொய்த்தது என்று ஈடிபஸுக்கு நிம்மதி. தாயை மணப்பாய் என்ற பயம் மட்டும் பாக்கி. அதையும் தீர்த்துவைக்கலாம் என்று அந்தக் கிழவன் வாயைத் திறக்கிறான்: நீ அவர்கள் பெற்ற பிள்ளையே இல்லை, பயப்படாதே. கெடுக்க வந்த வில்லன் இதைச் சொல்லியிருந்தால் அவனை வெறுத்துவிட்டு நாம் தப்பித்துக்கொள்வோம். சொல்பவன் உதவி செய்ய வந்தவன். பரிசு கிடைக்கும் என்று வேறு எதிர்பார்க்கிறான். நிலைமை தலைகீழாவதற்கு அரிஸ்டாட்டில் உதாரணம் காட்டுவதும் இந்த இடத்தைத்தான்.

ஆனால் என் கண் தூதுவன்மேல் நிற்பதில்லை, யொகாஸ்டாமேல்தான் போகிறது. முன்பு லாயஸ் அரசனின் மனைவி, இப்போது ஈடிபஸின் மனைவி, அவனைப் பெற்றவளும் அவளே. பாலிபஸின் மரணம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லிவிட்டு அவள் வாயை மூடுகிறாள். அதன்பின் 60 வரிகளுக்குமேல் அவளுக்கு வசனமே இல்லை. ஈடிபஸ் கேட்கிறான், தூதுவன் சொல்கிறான். ஆளுக்கொரு வரியாகப் பேச்சு போகிறது. கித்தேரோன் மலையில் கிடைத்த குழந்தை. கணுக்கால் துளைக்கப்பட்டிருந்த குழந்தை. கொடுத்தவன் லாயஸின் ஆள். மூன்று சேதியும் ஏறக்குறைய எட்டெட்டு வரி இடைவெளியில் விழுகின்றன. முதல் சேதியில் அவளுக்குச் சந்தேகம், இரண்டாவதில் பாதி நிச்சயம், மூன்றாவதில் எல்லாம் முடிந்தது என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். மூலத்தில் இப்படி எந்த மேடைக்குறிப்பும் கிடையாது. போதாததற்கு முகமூடி, நடிகரின் முகம் மாறியிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

பிறகு பார்வையாளர்கள் ஏன் அவளைப் பார்க்கப்போகிறார்கள்? சுமார் 300 வரிகளுக்கு முன் அவள் வாயாலேயே ஒன்றைச் சொல்லவைத்துவிட்டார் சோஃபக்ளிஸ். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தையின் கணுக்கால்களைப் பிணைத்து, மலையில் போடச்சொல்லி லாயஸ் ஆள் அனுப்பிய கதை அது. ஆரூடமெல்லாம் பொய் என்று கணவனைத் தேற்றுவதற்காகத்தான் அப்போது சொன்னாள். தூதுவன் கணுக்கால் என்றதும் ஆயிரக்கணக்கான தலைகள் அவள் பக்கம் திரும்பியிருக்கும். பேசுபவர் இருவர், பார்க்கப்படுபவர் மூன்றாமவர். மூன்றாவது நடிகரை மேடைக்குக் கொண்டுவந்தவர் சோஃபக்ளிஸ் என்று அரிஸ்டாட்டில் குறித்திருக்கிறார். அந்த மூன்றாமவரைப் பேசாமல் நிறுத்திவைக்கும்போதுதான் எனக்கு அந்தக் கண்டுபிடிப்பின் அருமை புரிகிறது.

ஒத்திகையில் இந்த வேஷம் கட்டுகிற பெண்ணுக்குக் கைதான் முதல் பிரச்சினை. வசனம் இல்லாத கை எங்கே போவது என்று தெரியாமல் வாய்க்குப் போகும், நெஞ்சுக்குப் போகும். கணுக்கால் என்றதும் சடாரென்று ஈடிபஸின் காலைப் பார்ப்பார்கள். நான் வேண்டாம் என்பேன். அந்தத் தழும்பை அவள் இத்தனை வருஷம் தினமும் பார்த்தவள். இப்போது குனிந்து சரிபார்க்க வேண்டியதில்லை. தூதுவன் வாயையே பாரம்மா, அடுத்த சொல் வராமல் இருக்கவேண்டும் என்று பார் என்பேன். அப்படிச் செய்தால் ஒரு அங்குலம் அசையாமலே அவள் அந்தக் காட்சியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

கடைசியில் ஈடிபஸ் அவள் பக்கம் திரும்பி, இவன் சொல்கிற ஆள் நாம் கூப்பிட்டனுப்பிய ஆள்தானா என்று கேட்கிறான். விட்டுவிடு, தேடாதே என்று கெஞ்சுகிறாள். அவனோ தான் அடிமைக்குப் பிறந்தவனாக இருந்தால் ராணிக்கு அவமானம் என்று நினைத்துக்கொள்கிறான். அவள் உள்ளே போகிறாள். அடுத்து என்ன வரும்? நானாக இருந்தால் இடிமுழக்கம் வைத்திருப்பேன். சோஃபக்ளிஸ் ஒரு சந்தோஷப் பாட்டு வைக்கிறார். நம் அரசன் மலையில் பிறந்த தெய்வக் குழந்தையோ என்று கோரஸ் ஆடிப் பாடுகிறது. கயிற்றை முறுக்குகிறவன் நடுவில் ஒரு பிடி தளர்த்திவிட்டு மறுபடி முறுக்குகிற வேலை இது.

பாட்டு முடிந்ததும் கிழட்டு இடையன் வருகிறான். லாயஸ் கொலையுண்டபோது தப்பியவன் என்று வரவழைக்கப்பட்டவன். இப்போது பிறப்புக்கும் அவனே சாட்சி. தூதுவன் இன்னும் விஷயம் புரியாமல், நீ கொடுத்த பிள்ளை இதோ நிற்கிறானே என்று உற்சாகமாக நினைவூட்டுகிறான். வாயை மூடு என்று சீறுகிறான் இடையன். அவன் கையைப் பின்னால் முறுக்கச் சொல்கிறான் ஈடிபஸ். அதுவரை ஆளுக்கொரு வரியாக வந்த பேச்சு இங்கே உடைந்து ஆளுக்குப் பாதி வரியாகிறது. அவளா கொடுத்தாள்? ஆமாம். எதற்கு? கொல்ல. மூச்சு வாங்க இடமில்லை.

இன்னொன்றும் உண்டு. பேசும் நடிகர்கள் மூன்றே பேர். ஈடிபஸும் தூதுவனும் இரண்டு காட்சியிலும் இருக்கிறார்கள்; ஒன்றில் யொகாஸ்டாவோடு பேசுகிறார்கள், மற்றதில் இடையனோடு பேசுகிறார்கள். அப்படியானால் யொகாஸ்டாவாக உள்ளே போன நடிகர்தான் முகமூடி மாற்றிக்கொண்டு இடையனாக வந்திருக்க வேண்டும். குழந்தையைக் கொடுத்தவளும் வாங்கியவனும் ஒரே ஆள், ஒரே குரல். ஆள் பற்றாக்குறைதான் காரணம் என்று சொல்லலாம். எனக்கென்னவோ சோஃபக்ளிஸ் அறியாமல் அது நடந்திருக்கும் என்று தோன்றவில்லை.

நம் குழுக்களில் இந்த நாடகத்தை எடுத்தால் இடைவேளையை யொகாஸ்டா உள்ளே போகும் இடத்தில் வைக்கலாமே என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். காபிக்கு எழுந்து போகிறவர்கள் அந்தச் சந்தோஷப் பாட்டை ஒரு புதிய அங்கத்தின் தொடக்கமாகத்தான் கேட்பார்கள்; அதற்குள் அவளும் மறந்துபோவாள். இடைவேளை வேண்டியதுதான் என்றால் அவள் மாலையும் தூபமும் எடுத்துக்கொண்டு அப்பல்லோவை வேண்ட வருகிற இடத்துக்கு முன்பே விட்டுவிடுங்கள். அங்கிருந்து இடையன் வாய் திறக்கும்வரை விளக்கைப் போடக் கூடாது.