வண்டி கண்ணைத் தொடரும்

முலுண்டில் 20 வருடம் பைக் ஓட்டியவன் நான். எனக்கு ஓட்டத் தெரியாது என்பது போன வருடம்தான் தெரிந்தது. இடம், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை. அங்குள்ள பந்தயத் தடம் 1990இல் திறக்கப்பட்டது, நீளம் 3.7 கி.மீ., 12 வளைவுகள்.

சென்னை நண்பரின் 1000 சிசி நிஞ்ஜா. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட மூன்று விநாடிதான். வீட்டில் சொல்லியிருந்தது: "சென்னையில் ஒரு கல்யாணம்."

மூன்றாவது சுற்றில் ஒரு வளைவு. தடத்தின் ஓரத்தைப் பார்த்து மிரண்டேன். வண்டி நேராக அங்கேயே போய்ப் புல்லில் இறங்கியது. விழவில்லை, கைகள் மட்டும் நடுங்கின.

"எங்கே பார்த்தீங்க?" என்றார் பயிற்சியாளர்.

"ஓரத்தை."

"கண் போற இடத்துக்குத்தான் வண்டி போகும். வளைவு முடியற இடத்தைப் பாருங்க."

மழைக்கால மும்பை பழக்கிய கண். பத்தடி முன்னாலுள்ள குழியைத் தாண்டி அது எதையும் பார்த்ததில்லை. தலையை உயர்த்தினேன். அடுத்த சுற்றில் அதே வளைவு, வழிவிட்டது போலிருந்தது.

முலுண்ட் திரும்பியதும் மனைவி கேட்டாள்: "கல்யாணம் எப்படி?"

தரையைப் பார்க்காமல், அவள் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொன்னேன்.