வாங்குறவன் ஒருத்தன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல வேலை செய்யிற எங்க அக்கா பையன் வந்தான். "மாமா, சின்ன பிராந்தி கம்பெனி ஷேர் மலிவா கிடைக்குது. குடிக்கிறவன் குறையவா போறான்? வாங்கிப் போடு"ன்னான். போர் மோட்டாருக்கு வெச்சிருந்த 40 ஆயிரத்து மேல கண்ணு.

தமிழ்நாட்டுக் கடைக்குப் போகணும்னா டாஸ்மாக்குக்குத்தான் விக்கணும். எவ்வளவு எடுக்கிறதுன்னு முடிவு பண்றதும் அவங்கதான். கொள்முதல் நிலையத்துல நெல் மூட்டையோட காத்துக் கிடந்தவனுக்கு இது புரியாதா?

எம்பீ டிஸ்டில்லரீஸ் 2007-ல ஒரு பங்கை 400 ரூபாய்க்கு வித்தாங்க. 2018-ல திவால் வழக்குக்குப் போச்சு. அப்படிப் போனா கடன் கொடுத்த பேங்க்குதான் முதல்ல. பங்கு வாங்கினவங்க கடைசி வரிசை.

"மோட்டாரே போடறேன்டா"ன்னேன். முகம் வாடிப்போச்சு. சம்பளத்துல 10 ஆயிரம் ஏற்கனவே போட்டுட்டானாம். அக்காகிட்ட இன்னும் சொல்லல.