கோட்டுக்கும் நமக்கும் ஒரு கணக்கு இருக்கிறது

நவம்பர் பிறந்தால் போதும், இன்ஸ்டாகிராம் முழுக்கக் குளிர்கால உடைகள்தான். முழங்காலைத் தொடும் நீளக் கோட்டு, தோளைவிட்டு இறங்கும் தொளதொள ஸ்வெட்டர், யாரோ போட்டுக் கழித்த ஜாக்கெட்டைத் தேடிப் பிடித்து வாங்கும் 'த்ரிஃப்ட்'. எதற்கு எது பொருந்தும் என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இதே கோட்டும் சட்டையும் நம் தாத்தாக்களின் உடம்பில் ஏறியபோது ஊரே கொதித்தது என்பதை அவர்களில் யாரும் சொல்வதில்லை. டெல்லிக்குப் படிக்க வரும் தம்பி தங்கைகளுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்ல நினைக்கிறோம்.

நாங்கள் தமிழ்நாட்டுச் சேரிகளிலிருந்து டெல்லிக்குப் படிக்க வந்தவர்கள். எங்கள் ஊர் மார்கழிக்கு ஒரு துண்டோ அம்மாவின் பழைய சேலையோ போதும். இங்கே டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் இரவு நான்கைந்து டிகிரிக்கு இறங்கிவிடும். மூடுபனியில் சில நாள் சூரியனே தெரியாது. விடுதி அறையில் ஹீட்டர் வைக்க அனுமதி இல்லை. உதவித்தொகை கைக்கு வரும்போது குளிர்காலம் முடிந்து ஹோலி வந்திருக்கும். முதல் குளிர்காலத்தில் எங்களில் பலர் சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனோம். அதுவும் தாங்காத நாட்களில் காலை வகுப்பை விட்டுவிட்டுப் போர்வைக்குள் கிடந்தோம். வருகைப்பதிவு குறைந்தது. "ரிசர்வேஷன்ல வந்த பசங்க சோம்பேறிங்க" என்று பேச்சு வந்தது. ஒரு ஸ்வெட்டர் இல்லாததற்கு அவர்கள் வைத்த பெயர் அது.

பிறகு எப்படியோ காசு சேர்த்து நல்ல ஜாக்கெட் வாங்கினோம். அதற்கும் பேச்சு வந்தது. "ஸ்காலர்ஷிப்ல படிக்கிறவனுக்கு இப்படி ஜாக்கெட் கேக்குதா?" கிழிந்ததைப் போட்டால் அருவருப்பு, நல்லதைப் போட்டால் ஆத்திரம். இந்த ஆத்திரத்துக்கு வயது அதிகம்.

மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் சண்டாளர்களுக்கு உடை வகுத்திருக்கிறது: பிணத்தின் துணி. நகையும் இரும்பில்தான். அந்த நூலைத்தான் 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் எரித்தார்கள். அந்த மாநாட்டுக்கு வந்திருந்த பெண்களிடம் அம்பேத்கர் தனியாகப் பேசினார். அப்போது அவர் வலியுறுத்தியவற்றில் ஒன்று உடை. பார்த்ததும் இன்ன சாதி என்று காட்டிக்கொடுக்கும் கட்டையும் நகையையும் விடுங்கள், மற்றப் பெண்களைப் போலவே சேலை கட்டுங்கள் என்றார். சாதி உடம்பில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

நம் ஊர்க் கதை இன்னும் பக்கத்தில் இருக்கிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் கோட்டு, சட்டை, பனியன் எதையும் போடக் கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மார்பை மறைக்கக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. ஜே.எச். ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அதே 1930 டிசம்பரில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் எங்கே இருந்தார்கள்? லண்டன் குளிரில், முதல் வட்டமேசை மாநாட்டில், நம் பிரதிநிதிகளாக. ராமநாதபுரத்தில் ஒருவன் பனியன் போட்டதற்காக அவன் குடிசை எரிகிற மாதத்தில், அம்பேத்கர் கோட்டும் சூட்டுமாக மன்னராட்சியின் எதிரில் உட்கார்ந்து உரிமை கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சிலைக்கு நாம் ஏன் நீலக் கோட்டு போட்டு நிறுத்துகிறோம் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு மாதத்தின் கதையே போதும்.

காந்தி 1921 செப்டம்பரில் மதுரையில் சட்டையைத் துறந்தார். ஏழைகளோடு ஒன்றாக நிற்க அவர் எடுத்த முடிவு அது. ஆனால் துறக்க முதலில் ஒரு சட்டை வேண்டும். மதுரைக்குப் பக்கத்து மாவட்டத்தில் ஒன்பது ஆண்டு கழித்தும் சட்டை போட்டதற்கு அடி விழுந்தது. எளிமை அவருக்குத் தேர்வு, நமக்குத் தண்டனை. அதனால்தான் "புரட்சி பேசறவனுக்கு எதுக்குப்பா டிரெஸ்?" என்று தோழர்கள் சிலர் கேட்கும்போது எங்களுக்குச் சிரிப்பு வருகிறது.

இதெல்லாம் பழைய கதை என்றும் சொல்ல முடியாது. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனி எரிக்கப்பட்டது. அதையொட்டி நம் இளைஞர்களின் ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங் கிளாஸும் அரசியல் மேடைகளில் குற்றப்பட்டியலாக வாசிக்கப்பட்டன. பனியனில் தொடங்கியது ஜீன்ஸுக்கு வந்தது. இப்போது விடுதி வராந்தாவில் ஜாக்கெட்டுக்கு வந்திருக்கிறது.

சரி, எப்படி உடுத்துவது? ஒவ்வொரு நவம்பரிலும் புதிதாக வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகிறோம். காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் திபெத்தியர்கள் நடத்தும் மொனாஸ்டரி மார்க்கெட்டில் ஸ்வெட்டரும் ஜாக்கெட்டும் கிடைக்கும். சரோஜினி நகரில் ஏற்றுமதியில் மிஞ்சிய துணிகள் கிடைக்கும். தையல் பிரிந்திருக்கிறதா, ஜிப் ஓடுகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஒரே தடித்த ஜாக்கெட்டை நம்பாதீர்கள். உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் முழுக்கைச் சட்டை அல்லது குர்தா, அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், வெளியே காற்றைத் தடுக்கும் ஜாக்கெட். இந்த அடுக்குகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும் காற்றுதான் சூட்டைக் காக்கும். வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். காசு குறைவாக இருந்தால் முதலில் தெர்மலும் காலுறையும் வாங்குங்கள். கோட்டின் தோள் தையல் உங்கள் தோள்முனையில் நிற்க வேண்டும், கை மணிக்கட்டில் முடிய வேண்டும். தள்ளியிருந்தால் தையல்காரரிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பொருந்தி நிற்கும் சாதாரணக் கோட்டுக்கு முன்னால் விலையுயர்ந்த பிராண்டு நிற்காது. தங்கைகளே, குர்தாவுக்கு மேல் சால்வையைப் போர்த்தி உடம்பைக் குறுக்கிக்கொண்டு நடக்காதீர்கள். நீளக் கோட்டு ஒன்று போடுங்கள், கையை அதன் பையில் விட்டு நிமிர்ந்து நடங்கள்.

நிறத்துக்கு வருவோம். "கறுப்பா இருக்க, இந்தக் கலர் உனக்கு எடுக்காது" என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருப்பீர்கள். எடுக்கும். கடுகு மஞ்சளும் அரக்குச் சிவப்பும் நம் தோலில் ஒளிவிடும். நீலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நீலக் கோட்டுக்கு மேல் மஞ்சள் மப்ளரைச் சுற்றிக்கொண்டு நூலகப் படியேறிப் பாருங்கள்.

த்ரிஃப்ட் பற்றிக் கேட்கிறீர்கள். பண்ணையார் வீட்டில் தீபாவளிக்குக் கழித்துப் போட்ட துணியை எங்கள் பாட்டிகள் முந்தானையில் ஏந்தி வாங்கினார்கள். கொடுத்தவர் அதைச் சொல்லிக்காட்டும் உரிமையையும் சேர்த்தே வைத்துக்கொண்டார். அந்த நினைவு உள்ளவர்களுக்குப் பழைய துணி உடனே ஃபேஷனாகிவிடாது. முதல் சம்பளத்தில் புதுக் கோட்டு வாங்கி, விலைச்சீட்டைக்கூடப் பத்திரமாக வைத்திருக்கும் அண்ணனை நாங்கள் கிண்டல் செய்வதில்லை.

ஆனால் எங்களிடமும் ஒரு பழைய கோட்டு இருக்கிறது. கரும்பழுப்பு, உள்ளே லைனிங் கிழிந்து இரண்டு முறை தைத்தது. படிப்பு முடித்துப் போகிறவர் அடுத்து வருகிறவருக்குக் கொடுத்துவிட்டுப் போவார். இதுவரை ஆறு பேர் போட்டிருக்கிறார்கள். ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வுக்குப் போனார், ஒருவர் போராட்டத்தில் கைதாகி ஓர் இரவு காவல் நிலையத்தில் அதையே போர்த்திக்கொண்டார். யாரும் யாருக்கும் இதில் கடன்படவில்லை. சலவைக்குப் போட்டு, பொத்தான் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே விதி.

இந்த ஆண்டு டெல்லிக்கோ வேறு குளிர் ஊருக்கோ கிளம்புகிறவர்கள், புத்தகச் செலவோடு உடைச் செலவையும் கூச்சப்படாமல் கணக்கில் எழுதுங்கள். வீட்டில் கேட்கத் தயங்கினால் மூத்த மாணவர்களிடம் கேளுங்கள். ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள், இந்த வாரமே உங்கள் விடுதியில் யாரிடம் ஸ்வெட்டர் இல்லை என்று பாருங்கள். அவர்களாக வந்து கேட்க மாட்டார்கள். நாமும் கேட்கவில்லை.