பூரிகைகளும் பாடற்குழுவும்: கொல்கத்தாவில் ஒரு பிற்பகல்

கொல்கத்தா மைதானத்தின் தென்பகுதியில், விக்டோரியா நினைவகத்திற்கு அருகே தூய பவுல் பேராலயம் அமைந்துள்ளது. 1839-இல் பேராயர் தானியேல் வில்சன் அடிக்கல் நாட்டிய இவ்வாலயம் 1847-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1897, 1934 ஆகிய ஆண்டுகளில் நேர்ந்த நிலநடுக்கங்கள் கோபுரத்தைச் சிதைத்தன. இன்று நாம் காண்பது இங்கிலாந்திலுள்ள காண்டர்பரி பேராலயக் கோபுரத்தின் சாயலில் எழுப்பப்பட்டது. மேற்குப்புறத்தில் பர்ன்-ஜோன்ஸ் வரைந்த வண்ணக் கண்ணாடிச் சாளரம் உண்டு. டிசம்பர் மாதத்தில் இந்நகரில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே பிற்பகல் மூன்று மணிக்கு வருவோருக்கே அதன் அழகு புலப்படும்.

அத்தகைய ஒரு பிற்பகலில் ஆங்கில இசையமைப்பாளர் ஜான் ரட்டர் 1974-இல் இயற்றிய ‘குளோரியா’வைக் கேட்கும் வாய்ப்புக் கிட்டியது. அமெரிக்காவின் ஒமாகா நகரப் பாடற்குழு ஒன்றிற்காக எழுதப்பட்ட இப்படைப்பில் வயலின் இல்லை. நான்கு டிரம்பெட்டுகள், மூன்று டிராம்போன்கள், ஒரு டியூபா, முரசுகள், ஆர்கன் ஆகியவையே பாடற்குழுவிற்குத் துணை. பெத்லகேம் வயல்வெளியில் தேவதூதர் பாடிய துதியில் தொடங்கும் பழைய லத்தீன் பாடலே இதன் வார்த்தைகள். ஆனால் இசையோ புதியது. தாளம் அடிக்கடி மாறுகிறது. நம் சபைகளில் செய்வதுபோல் கைதட்டிக்கொண்டே சேர்ந்து பாட இயலாது. நடுப்பகுதி மெல்லத் தொடங்கி மெல்ல உயர்கிறது. இறுதிப் பகுதியில் பித்தளைக் கருவிகள் அனைத்தும் ஒருங்கே முழங்கியபோது அமர்ந்திருந்த மரப்பலகை அதிர்ந்ததை உணர்ந்தேன்.

உடன் வந்திருந்த எங்கள் சபை மூப்பர், “தம்பி, இது ஆராதனையா, கச்சேரியா?” என்று மெதுவாகக் கேட்டார். நியாயமான கேள்வியே. தாம் பெரிதும் மதப்பற்றுடையவர் அல்லர் என்று ரட்டரே கூறியிருக்கிறார். பாடியவர்கள் அனைவரும் விசுவாசிகள் என்றும் சொல்வதற்கில்லை.

ஆயினும் 2 நாளாகமம் 5-ஆம் அதிகாரம் என் நினைவுக்கு வந்தது. சாலொமோன் கட்டிய ஆலயத்தில் லேவியரான பாடகர்களுடன் 120 ஆசாரியர்கள் பூரிகைகளை ஊதினார்கள். அவர்கள் ஒருமித்து ஒரே சத்தமாய்த் துதித்தபோதுதான் ஆலயம் மேகத்தால் நிறைந்தது. மேல்வீட்டறையில் காத்திருந்த சீஷர்களும் ஏறக்குறைய 120 பேரே என்பதை நம்மவர் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். முந்தைய 120 பேரைக் குறித்து அவ்வளவாகப் பேசுவதில்லை. பூரிகையை ஊதுவது எளிதன்று. ஊதுபவரின் உதடுகளே அதிர்ந்து ஒலியை எழுப்ப வேண்டும். மூச்சு சற்றே தளர்ந்தாலும் சுருதி விலகிவிடும். அத்தனை பேர் பயிற்சியின்றி ஒரே சத்தமாய் ஒலித்திருக்க இயலுமா? ஆயத்தமின்றி நிற்பதே ஆவிக்குரிய நிலை என்று நகரத்துச் சபைகளில் சிலர் எண்ணுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு இக்கச்சேரி ஈடாகாது என்பதும் மெய்யே.

வெளியே வந்தபோது, டியூபாப் பெட்டியைச் சுமந்துவந்த வாலிபனை மூப்பர் ஐயா நிறுத்தி, எத்தனை நாள் பழகினீர்கள் என்று விசாரித்தார். வாரம் இருமுறையாக நான்கு மாதங்கள் என்றான் அவன். எங்கள் பாடகர்கள் சனிக்கிழமை இரவில் ஒரு மணி நேரம் கூடுவார்கள், அதுவும் எல்லா வாரமும் அன்று. ரவீந்திர சதன் மெட்ரோ நிலையம் வரும்வரை ஐயா ஒன்றும் பேசவில்லை.