டிராயிங் பீரியடுக்கு ஓர் ஆள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் கவின் கலைக் கல்லூரி முடித்த பிள்ளைகள் சிலர் என்னைத் தேடி வருவார்கள். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர் வேலைக்கு மனுப் போடுகிறோம், பயோடேட்டாவைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் சார் என்பார்கள். கையில் பெரிய ஃபைல் ஒன்று இருக்கும். அதற்குள் நான்கு வருட உழைப்பு: தாராசுரத்துத் தூண்கள், காய்கறிச் சந்தையில் குந்தியிருக்கும் ஆச்சிகள், காவிரிப் படித்துறை, வெயில் விழுந்த ஓட்டுக்கூரை. கும்பகோணத்தில் படித்தவர்கள் என்றால் கோட்டைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பேன். ஓவியர் கோபுலு படித்த இடமல்லவா. பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருக்கும். எல்லாம் பார்த்து முடித்த பிறகு, “இதெல்லாம் நீ வரைந்தது. பிள்ளைகள் வரைந்தது ஒன்றுகூட இல்லையேப்பா?” என்று கேட்பேன்.

பெரும்பாலும் பதில் வராது. வேலையே இன்னும் கிடைக்கவில்லை, பிள்ளைகளுக்கு எங்கே போவது என்ற குழப்பம் முகத்தில் தெரியும். தெருவில் பிள்ளைகளுக்கா பஞ்சம்? ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேரைத் திண்ணையில் உட்காரவைத்து ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்துப் பாருங்கள். சீக்கிரமே ஃபைலில் வைக்கும் அளவுக்குப் படங்கள் சேர்ந்துவிடும். ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும், அந்தப் பிள்ளை எதைப் பார்த்து வரைந்தது, நடுவில் என்ன கேட்டது, நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். உங்களுடைய ஆயில் பெயின்டிங் உங்களை ஓவியர் என்று காட்டும். ஆசிரியர் என்று காட்டப்போவது அந்த இரண்டு வரிதான்.

அரசுப் பள்ளிக்கு வழி வேறு. அங்கே ஃபைலைப் பிரிப்பதில்லை, சான்றிதழ்களைத்தான் சரிபார்ப்பார்கள். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியப் பாடங்களை ஹையர் நிலை வரை தேறியிருக்க வேண்டும். அதன் பிறகு கோடை விடுமுறையில் நடக்கும் 42 நாள் தொழிலாசிரியர் பயிற்சியில் சேர்ந்து டி.டி.சி. சான்றிதழ் வாங்க வேண்டும். முன்பெல்லாம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு மூப்பு வரிசையில் பெயர் வரும்வரை காத்திருந்தோம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்தால் மூப்பு போய்விடுமே என்ற பயம் எந்நேரமும் இருக்கும். 2017இல் ஆசிரியர் தேர்வு வாரியம் சிறப்பாசிரியர்களுக்கு எழுத்துத் தேர்வு வைத்தது. ஓவியம், தையல், இசை, உடற்கல்வி எல்லாம் சேர்த்து 1,325 இடங்கள். விடைத்தாளில் வட்டத்தைக் கறுப்பாக்கும் தேர்வு அது. லஞ்சம், சிபாரிசு என்ற பேச்சுக்கு இடம் குறைகிறது என்ற வகையில் அதை நான் மதிக்கிறேன். ஆனாலும், ஒருவர் பிள்ளைகள் முன்னால் நிற்பதை ஒருமுறைகூடப் பார்க்காமல் அவரை ஓவிய ஆசிரியராக எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி எனக்குள் அப்படியே இருக்கிறது.

அதற்கு முன்பு 2012இல் தமிழ்நாட்டில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், இசை என்று பல பாடங்களுக்கு. வாரத்தில் மூன்று அரைநாள், தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பின்னால் சம்பளம் படிப்படியாக உயர்ந்தது. மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை என்பது அவர்களுடைய நெடுநாள் குறையாக இருந்தது. நல்ல கலைஞர்கள் பலர் அந்த வேலைக்குப் போனார்கள். மீதி அரைநாட்களில் சுவர் விளம்பரம் எழுதினார்கள், கல்யாண மேடை அலங்காரத்துக்குப் போனார்கள்.

இந்தப் பகுதிநேரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சட்டத்திலேயே இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்துக்கு ஓர் அட்டவணை உண்டு. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் சேர்ந்திருந்தால் கலைக்கல்விக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்கிறது அது. கணக்குக்கும் மொழிக்கும் சமூக அறிவியலுக்கும் ஆசிரியர், ஓவியத்துக்குப் பகுதிநேரப் பயிற்றுநர். அதற்கு நான்கு ஆண்டு முன்புதான், 2005இல் வந்த தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, கலையைப் பள்ளிப் படிப்பின் எல்லா நிலையிலும் ஒரு பாடமாகவே வைக்கச் சொல்லியிருந்தது. அந்தப் பரிந்துரை ஏட்டில் தங்கிவிட்டது. நூறு பிள்ளைகளுக்குக் குறைந்த கிராமத்துப் பள்ளிக்கு அந்த அரை ஆளும் சட்டப்படி கிடையாது. இது எனக்கு ஆறாத வருத்தம்.

தனியார் பள்ளி நேர்முகத்துக்கு வருகிறேன். நான் போய் நின்ற ஒரு பள்ளியில், தாளாளர் முதலில் கேட்டது ஆண்டு விழாவுக்கு மேடைப் பின்திரை வரைவீர்களா என்று. தலைவர்கள் படம் வருமா, சயின்ஸ் எக்ஸிபிஷனுக்குச் சார்ட் போடுவீர்களா, கையெழுத்து வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வீர்களா என்று அடுத்தடுத்துக் கேட்டார். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். இவற்றைக் கேவலமாக நினைக்கக் கூடாது. பின்திரையைப் பிள்ளைகளோடு சேர்ந்து வரைந்தால் அதைவிட நல்ல வகுப்பு வருடத்தில் அமையாது.

பிறகு டெமோ கிளாஸ். ஆறாம் வகுப்பு. பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வராந்தாவில் விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரையும் தாளோடு வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், அவரவர் செருப்புக்கு எதிரில் உட்காரவைத்து, பார்த்து வரையச் சொன்னேன். முதலில் சிரிப்பு. பிறகு சத்தமே இல்லை. ஒரு பையனின் செருப்பில் வார் அறுந்து, ஊக்குக் குத்தியிருந்தது. அவன் தாளில் அந்த ஊக்கு செருப்பின் பாதியளவுக்கு இருந்தது. அதன் ஒரு முனையில் கம்பி சுருண்டு திரும்பும் இடத்தைக்கூட விடாமல் வரைந்திருந்தான். தினமும் காலையில் அதைக் குத்துவது அவன் விரல். அவனுக்குச் செருப்பில் முக்கியமான பாகம் அதுதான். பிள்ளைகள் படத்தில் அளவு மாறுகிறது என்றால் அநேகமாக அங்கே ஒரு செய்தி இருக்கிறது. அந்த ஊக்கைச் சின்னதாக்கித் திருத்திக் கொடுப்பவரை ஓவிய ஆசிரியர் என்று நான் ஒப்பமாட்டேன்.

எனக்குப் பின் வந்தவர் கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் மயில் வரைந்தார். அழகான மயில். பிள்ளைகள் அதைப் பார்த்து வரைந்தார்கள். வேலை அவருக்குக் கிடைத்தது. அவர் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. என் மனத்தாங்கல் வேறு: அன்றைக்கு இரண்டு வகுப்புப் பிள்ளைகளின் தாள்களையும் கேட்டு வாங்கிப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் பலகையையே பார்த்தார்கள்.

பலகையைப் பார்த்துப் படியெடுக்கிற பழக்கம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்குத் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகளே சாட்சி. இயற்கைக் காட்சி வரையச் சொல்லுங்கள். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் ஒரு தென்னை, ஒரு குடிசை. மலையே இல்லாத சமவெளி அது. கண்ணெதிரே வாய்க்கால், நாற்றங்கால், வைக்கோல் போர், மடையில் நிற்கும் கொக்கு எல்லாம் இருக்கின்றன. அவை தாளுக்கு வருவதில்லை. வரையத் தகுந்த இடம் வேறெங்கோ இருக்கிறது, நம் ஊர் அதற்கு லாயக்கில்லை என்று அந்தப் பிள்ளை ஏதோ ஒரு வகுப்பில் கற்றுக்கொண்டுவிட்டது. அதை மாற்றுவதற்குத்தான் ஓர் ஆள் வேண்டும் என்கிறேன்.

சாந்திநிகேதனில் படித்த தேவி பிரசாத் 1944இல் சேவாகிராமத்துக்குப் போய்க் காந்தியின் ஆதாரக் கல்விப் பள்ளியில் ஓவிய ஆசிரியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். அவரே தேர்ந்த ஓவியர், குயவர். அந்த அனுபவத்தைப் பின்னால் புத்தகமாக எழுதினார். கலைதான் கல்விக்கு அடித்தளம் என்பது அவருடைய கட்சி. நேர்முகத்துக்குப் போகிறவர்கள் கலை வரலாற்றைப் புரட்டும் நேரத்தில் பாதியை இந்த மாதிரி மனிதர்களைப் படிப்பதற்குச் செலவிட்டால் நல்லது. பிக்காஸோவைப் பற்றிப் பேசத் தெரிந்த பலர், எட்டு வயதுப் பிள்ளை ஏன் வீட்டின் சுவருக்குள் இருக்கும் ஆட்களையும் சேர்த்து வரைகிறது என்று கேட்டால் திணறுகிறார்கள்.

வேலை கேட்டுப் போகும் தம்பி, தங்கைகளே, அவர்கள் கேட்டு முடித்ததும் நீங்களும் கேளுங்கள். சம்பளத்தைக் கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்படாமல் கேளுங்கள். அதோடு டைம்டேபிளில் ஓவியத்துக்கு வாரம் எத்தனை பீரியட், ஒன்பதாம் பத்தாம் வகுப்புக்கு உண்டா, அரையாண்டுப் பரீட்சை நெருங்கும்போது அந்தப் பீரியடை யார் எடுப்பார்கள், தாளும் கலரும் பள்ளி வாங்குமா, பிள்ளைகள் வாங்கி வர வேண்டுமா என்பதையும் கேளுங்கள். கலர் பெட்டி வாங்க முடியாத பிள்ளைக்கு அடுப்புக்கரியும் செங்கல் துண்டும் போதும் என்று செய்து காட்டுங்கள். இதையெல்லாம் கேட்டதற்காக ஒரு பள்ளி உங்களை வேண்டாம் என்றால், அங்கே நீங்கள் ஓவியம் சொல்லிக்கொடுத்திருக்கப் போவதில்லை.

தாளாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் என் வேண்டுகோள்: இந்தக் கோடையில் ஓவிய ஆசிரியர் எடுக்கும்போது, டெமோ கிளாஸ் முடிந்ததும் பலகையை விட்டுவிட்டுப் பிள்ளைகளின் தாள்களை வாங்கிப் பாருங்கள். முப்பது தாளும் ஒரே மாதிரி இருந்தால் அந்த ஆளை எடுக்க வேண்டாம். எடுத்த ஆளுக்கு ஜூன் மாதம் கொடுக்கும் பீரியடை மார்ச் வரை கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக் கொடுக்காதீர்கள்.